இவ்ளோதானா சார்?

வெளியூரிலிருந்து ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார். காபி குடித்து முடித்துவிட்டு, "உங்க ஊர்ல பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? நானே சொல்லிவிடுகிறேன். "இங்க என்ன சார் இருக்கு... ஒண்ணும் இல்ல. வேணும்னா ஒரு வண்டி வச்சுக்கிட்டு கொடைக்கானல் போயிட்டு வாங்களேன்!"

தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். சாதி வேறு, கட்சி வேறு, குழம்பு வைக்கிற பக்குவம் வேறு. இந்த ஒரு பதிலில் மட்டும் எல்லோரும் அப்படியொரு ஒற்றுமை! கொடைக்கானல்காரரைக் கேட்டுப் பாருங்கள். "இங்க என்ன சார், வெறும் பனிதான்" என்பார்.

இதை அடக்கம் என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். இது அடக்கமே இல்லை. பார்க்காதவன் சொல்கிற பதில். பிறந்து வளர்ந்து, கல்யாணம் பண்ணி, வீட்டுக் கடனில் பாதியைக் கட்டி முடித்த ஊரை ஒரு நாளாவது நிமிர்ந்து பார்க்காதவன் சொல்கிற பதில். அப்புறம் இதே ஆசாமிதான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சோபாவில் கிடந்து, "செம போர்" என்கிறான். "மனசுக்கு ஒரு சேஞ்ச் வேணும்" என்கிறான். சேஞ்சுக்குத் தவணை முறையில் பணம் கட்டி, நாலு ராத்திரி அஞ்சு பகல் பேக்கேஜில் போய், எட்டு இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, இடுப்பு வலியோடு திரும்பி வருகிறான். நான் பி.காம். படித்தவன். வரவு செலவு பார்க்காமல் இருக்க முடியாது. இந்தக் கணக்கில் வரவு என்ன என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசல் என்று ஓர் ஊர். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். 'சித்தன்னவாசல் எதற்குப் புகழ்பெற்றது?' விடை: ஓவியம். பேனாவை உதறிவிட்டு அடுத்த கேள்வி. அந்த ஓவியத்தில் என்னதான் வரைந்திருக்கிறது என்று உங்களுக்கு எந்த வாத்தியாராவது சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். அவருக்கும் அது ஒரு மார்க்தான்.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். மலை என்றால் மேற்குத்தொடர்ச்சி மலை கோபித்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்து கிடக்கிற நீண்ட பாறை முதுகு, அவ்வளவுதான். அதன் மேற்குச் சரிவில் குடைந்து செய்த சின்னக் குகைக் கோயில். சமணர்களுடையது. அறிவர் கோயில் என்று பெயர். உள்ளே பத்துப் பேர் சேர்ந்தாற்போல் நின்றால் நெரிசல். தலையை நிமிர்த்திப் பார்த்தால், அர்த்தமண்டபத்துக் கூரையில் ஒரு தாமரைக் குளம்.

இந்தக் குளத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சமண மரபில் 'சமவசரணம்' என்பார்கள். தீர்த்தங்கரர் ஞானம் அடைந்த பிறகு, அவர் உபதேசம் செய்வதற்காகத் தேவர்களே கட்டித்தருகிற மண்டபம். அங்கே போகிற வழியில் ஒரு குளம். பக்தர்கள் அதில் இறங்கிக் காலைக் கழுவி, தாமரை பறித்துக்கொண்டு போவார்கள். கூரையில் இருப்பது அந்தக் குளம்தான் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கம். ஆக, ஓவியருக்குக் கொடுத்த ஆர்டர் என்ன? தேவலோகத்துக் குளம் ஒன்று வரைந்து கொடு!

உங்களிடமோ என்னிடமோ இந்த வேலையைக் கொடுத்திருந்தால் என்ன பண்ணியிருப்போம்? தமிழ் சினிமா தேவலோகத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைப் புகை, ஜிகினா தூண், தங்கப் படிக்கட்டு. அந்த ஓவியர் அந்தப் பக்கமே போகவில்லை. புதுக்கோட்டைக் கண்மாயை வரைந்திருக்கிறார். மொட்டு ஒன்று, பாதி விரிந்தது ஒன்று, முழுக்க மலர்ந்தது ஒன்று என்று தாமரைகள். இலைகளுக்கு நடுவே மீன்கள். வாத்தும் அன்னமுமாகப் பறவைகள். தண்ணீரில் இறங்கிய யானைகள். பூப்பறிக்கிற மூன்று பேர். ஒருவர் கையில் பூக்குடலை, இன்னொருவர் தோளில் தண்டோடு தாமரை. அப்புறம்... எருமை!

தேவலோகத்தில் எருமைக்கு என்ன வேலை சார்?

அங்கேதான் நான் நின்றுவிட்டேன். எருமை இருக்கிறது, ஏனென்றால் குளம் என்றால் எருமை இருக்கும். சாயங்காலம் கண்மாய்க் கரையில் நின்று, மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரியக் கிடக்கிற எருமையைப் பார்த்த மனுஷனுக்குத்தான் அது தோன்றும். சொர்க்கத்தைக் கற்பனை பண்ணச் சொன்னால், தன் ஊர்த் தண்ணீரைவிட அழகாக ஒன்றை அவரால் நினைக்க முடியவில்லை. அதற்கு எத்தனை சந்தோஷமாக அவர் அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும்! சாயமும் அப்படித்தான். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, சிவப்புக்குக் காவிக்கல். சுவரில் பூசிய சுண்ணச் சாந்து காய்ந்த பிறகு அதன் மேல் தீட்டியிருக்கிறார்கள்.

காலம் 9-ம் நூற்றாண்டு. ஒரு காலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் கணக்கில் எழுதியிருந்தார்கள். கோயிலில் இருக்கிற தமிழ்க் கல்வெட்டைப் படித்த பிறகு கணக்கு மாறியது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் கோயிலைப் புதுப்பித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. திருப்பணி செய்தவர் பெயர் இருக்கிறது, ராஜா பெயர் இருக்கிறது. ஓவியர் மட்டும் தன் பெயரை எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் அந்தக் குறையைத் தீர்த்துவைத்திருக்கிறார்கள். மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் என்று இயற்கைக் குகை. சமணத் துறவிகள் படுத்த 17 கற்படுக்கைகள், தலையணைக்கு மேடு விட்டு, வழவழவென்று செதுக்கியவை. ஒன்றில் 2,000 வருடத்துக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்து. அதோடு போட்டி போட்டுக்கொண்டு, நம் ஆட்கள் இதயம் வரைந்து அம்பு விட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய படைப்பாற்றல் அதோடு சரி.

நான் அறிவர் கோயிலுக்குள் இருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, காலேஜ் படிக்கிற வயதில் ஒரு பெண், சின்னப் பையன். ஏ.சி. காரில் வெகுதூரம் வந்திருப்பார்கள் போல. கழுத்தை ஒரு தரம் மேலே தூக்கினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அப்பா கேட்டார்: "இவ்ளோதானா சார்?"

கோயிலைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் பொறுமையாகத் தூண் பக்கம் கையைக் காட்டினார். தூண்களின் மேல்பகுதியில் ஆடுகிற இரண்டு பெண்கள். நிறம் போய்விட்டது, ஆனால் இடுப்பின் வளைவும் வீசிய கையும் அப்படியே இருக்கின்றன. உட்பக்கம் ஒரு ராஜா ராணி, தேய்ந்த நிலையில். அப்பா தலையாட்டினார். பெண் செல்போனில் ஒன்று எடுத்துக்கொண்டாள். கிளம்பிவிட்டார்கள். பையன் மட்டும் அண்ணாந்தபடி நின்றான். "யானை... அங்க பாரு யானை" என்றான். "வாடா, கீழ பார்க்ல ஊஞ்சல் இருக்கு" என்று இழுத்துக்கொண்டு போனார்கள்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு ஆள்தான் ஓவியத்தைப் பார்த்தான். அவனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டோம்.

'இவ்ளோதானா?' என்பது சின்ன வார்த்தைதான். ஆனால் இந்தத் தலைமுறையின் பெரிய வியாதியே அதுதான் என்பேன். தாஜ்மகாலைப் பார்த்தாலும் இவ்ளோதானா. சமுத்திரத்தைப் பார்த்தாலும் இவ்ளோதானா. பார்ப்பதற்கு முன்பே இணையத்தில் படம் பார்த்தாகிவிட்டது. அந்தப் படத்தில் இருந்த கலர் நேரில் இல்லையே என்று வருத்தம். கூரைக்குக் கீழே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், கண் இருட்டுக்குப் பழக வேண்டும், பச்சைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல மீன் வரும் என்று சொன்னால், "அவ்ளோ நேரம் இல்ல பாஸ்" என்கிறார்கள். கொடைக்கானல் ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்க நேரம் இருக்கிறதாம்!

இன்னொரு அக்கிரமம். சித்தன்னவாசலைப் புகழ வேண்டும் என்றால் நாம் எப்படிப் புகழ்கிறோம்? 'தமிழகத்தின் அஜந்தா'! ஏன், மராட்டியத்தில் யாராவது அஜந்தாவை 'வடக்கத்திச் சித்தன்னவாசல்' என்கிறார்களா? கோயம்புத்தூர் 'தென்னிந்திய மான்செஸ்டர்'. சிவகாசி 'குட்டி ஜப்பான்'. பாளையங்கோட்டை 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு'. குற்றாலம் 'தென்னகத்தின் ஸ்பா'. ஏற்காடு பாவம், 'ஏழைகளின் ஊட்டி'. அந்த ஊட்டியாவது ஊட்டியாக இருக்கிறதா என்றால், வெள்ளைக்காரன் தன் ஊர் மாதிரி இருக்கிறது என்று ஆசைப்பட்டுக் கட்டிய ஊர் அது. நம் ஊர் ஒன்றைப் பார்த்து, இது இதுவாகவே நன்றாக இருக்கிறது என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. இன்னொன்றின் டூப்ளிகேட் என்று சொன்னால்தான் மரியாதை.

பெரியவர்கள் கதை இப்படி என்றால், குழந்தைகளுக்கு இதையே சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. ஒரு பள்ளிக்கூட ஓவியப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். தலைப்பு: 'எங்கள் ஊர்'. நாற்பத்தி மூன்று தாள்கள் வந்தன. அதில் முப்பதுக்கு மேல் ஒரே படம். இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதி சூரியன், கோடு கோடாகக் கதிர். மலையிலிருந்து ஆறு. ஒரு தென்னை மரம், ஓட்டு வீடு, வானத்தில் நாலு 'வி' போட்ட பறவை. நீங்களும் இதைத்தான் வரைந்திருப்பீர்கள். உங்கள் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது.

அந்த ஊரில் மலையே கிடையாது சார்! முக்கோண மலை தமிழ்நாட்டிலேயே தேடித்தான் பார்க்க வேண்டும். இருக்கிறது எல்லாம் உருண்டைப் பாறை, வழுக்கைப் பாறை, யானை படுத்த மாதிரி பாறை. அந்தப் பிள்ளைகள் தினமும் தாண்டி வருகிற தண்ணீர்த் தொட்டி, டீக்கடை பெஞ்சு, கரன்ட் கம்பத்தில் உட்கார்ந்திருக்கிற கரிச்சான், ஊரணிப் படியில் துணி துவைக்கிற அத்தை... ஒன்றும் தாளில் இல்லை. ஒரு பெண் மட்டும் தன் வீட்டு வாசலில் பஞ்சர் ஒட்டுகிற அப்பாவை வரைந்திருந்தாள். தண்ணீர் நிறைந்த அலுமினிய வட்டா, அதில் முக்கிய டியூப், டியூபிலிருந்து வருகிற குமிழி எல்லாம் இருந்தது. முதல் பரிசு அவளுக்குத்தான் என்றேன். பக்கத்தில் இருந்த டிராயிங் மாஸ்டர் முகம் மாறிவிட்டது. "சார், இயற்கைக் காட்சி எதுவும் இல்லையே..."

இயற்கைக் காட்சி! பிள்ளைகளின் கண்ணிலிருந்து ஊரைப் பிடுங்கிவிட்டு, முக்கோண மலையைச் சொருகியவர்கள் இப்படிப்பட்ட மாஸ்டர்கள்தான். எருமை வரைந்த அந்த ஓவியர் இப்போது வந்து போட்டியில் கலந்துகொண்டால் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால்தான் நம்புவேன் என்கிறவர்களுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். குளத்துக்குக் குளம்தான். கிளோத் மோனே என்கிற பிரெஞ்சு ஓவியர் 1883-ல் ஜிவெர்னி என்ற கிராமத்துக்குக் குடிபோனார். பத்து வருஷம் கழித்து வீட்டை ஒட்டிய நிலத்தை வாங்கி, சின்ன ஓடையைத் திருப்பி, அல்லிக் குளம் ஒன்று வெட்டினார். கண்ட கண்ட செடியைக் கொண்டுவந்து தண்ணீரைக் கெடுக்கிறார் என்று ஊர்க்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எல்லா ஊரும் ஒன்றுதான்! அந்தக் கொல்லைப்புறக் குளத்தை மட்டும், 1926-ல் சாகும் வரை, சுமார் 250 முறை வரைந்தார். அதே தண்ணீர், அதே இலை. காலை வெளிச்சத்தில் ஒன்று, மேகம் வந்தால் ஒன்று. கண்ணில் புரை விழுந்த பிறகும் விடவில்லை.

இன்றைக்கு அந்தப் படங்களைப் பார்க்க நம் ஆட்கள் பாரீஸுக்கு விமானம் ஏறுகிறார்கள். பேக்கேஜில் அரை நாள். தன் வீட்டுப் பின்பக்கத்தை விட்டு நகராத ஒரு மனுஷனைப் பார்க்க, 8,000 கிலோமீட்டர் பயணம்! அன்னவாசல் பஸ்ஸில் ஏறியிருந்தால் அதற்கு ஆயிரம் வருஷம் முந்தைய குளம் இருக்கிறது. டிக்கெட் காசில் ஒரு டீயும் வடையும் மிச்சம்.

'அவங்கல்லாம் ஓவியர் சார், நமக்கு அதெல்லாம் வருமா?' என்று அடுத்த கேள்வி வரும். ஓவியத்தை விடுங்கள். மயிலாப்பூரில் மா.கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். 1950-ல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் ஒரு பத்தி ஆரம்பித்தார், 1996 பிப்ரவரியில் கண்ணை மூடும் வரை எழுதினார். நாற்பத்தாறு வருஷம்! யானையும் சிறுத்தையும் எழுதினார்தான். அதே மரியாதையோடு காக்கா, அணில், பல்லி, தெருநாயையும் எழுதினார். பத்தி எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த நாற்பத்தாறு வருஷத்தை நினைத்தால் மூச்சு முட்டுகிறது. வாரா வாரம் விஷயம் தேடி நாங்கள் டெல்லி அரசியலையும் ஹாலிவுட்டையும் பிறாண்டிக்கொண்டிருக்கிறோம். அவர் கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் போதும், விஷயம் தயாராக இருந்திருக்கிறது.

இன்னொருவர், கிஃப்ட் சிரோமணி. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். அவர் கண்ணில் பட்டது வாசல் கோலம். நாம் எல்லோரும் மிதிக்காமல் தாண்டிப் போகிற அதே கோலம்தான். புள்ளி வைத்து, வளைத்து, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்கிற கோட்டில் ஓர் இலக்கணம் இருக்கிறதே என்று அவருக்குப் பட்டது. ராணி சிரோமணி, கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974-ல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். கம்ப்யூட்டருக்குப் படத்தை எப்படிப் புரியவைப்பது என்கிற துறையில் உலகம் முழுக்கக் கோலம் ஓர் உதாரணமாயிற்று. தாம்பரத்து அம்மா ஒருத்தி விடியற்காலையில் தண்ணீர் தெளித்துப் போட்டது, கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் போய் நின்றது. நாம் என்ன செய்தோம்? ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டிவிட்டோம்.

உடனே 'ஆஹா, கிராமத்து மண்வாசனை!' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்கள் என் பக்கம் வர வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சக்கரம் உடைந்த மாட்டுவண்டியை வாசலில் நிறுத்திவைத்து, பிளாஸ்டிக் வாழையிலையில் கேழ்வரகுக் களி போட்டு, கொள்ளை விலை வாங்குகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. அதுவும் இன்னொரு பேக்கேஜ்தான். ஊரைப் பார்ப்பது என்றால் ஊரை மெச்சிக்கொண்டே இருப்பது இல்லை. சாக்கடை நாறுகிறதா, நாறுகிறது என்று சொல்லுங்கள். குளத்தில் ஆகாயத்தாமரை மூடிவிட்டதா, அதையும் பாருங்கள். அந்த ஆகாயத்தாமரை மேல் நடந்து போகிற இலைக்கோழியின் கால் விரல் எத்தனை நீளம் என்று பார்த்துவிட்டு, பிறகு நகராட்சிக்கு மனு எழுதுங்கள். பார்க்காதவன் எழுதுகிற மனுவில் சர்வே நம்பர் மட்டும்தான் இருக்கும்.

'சோத்துக்கு அலையறவனுக்கு இதெல்லாம் எதுக்குங்க?' என்பது கடைசிக் கேள்வி. இதைக் கேட்கிறவர் எவரும் சோற்றுக்கு அலைவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். கோலம் போட்ட அம்மாவுக்கு வேலை இல்லையா? பஞ்சர் ஒட்டுகிறவரின் மகளுக்கு நேரம் எங்கேயிருந்து வந்தது?

இவ்வளவு கோபமாக எழுத என்ன இருக்கிறது, அவரவர் ரசனை, அவரவர் லீவு நாள் என்று விட்டுவிடலாம்தான். விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பார்க்காத எதையும் வேறு ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கையில் டேப்பு இருக்கிறது.

சென்னை மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு. நாலு தடவை நடந்து பாருங்கள். லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. மயிலாப்பூர் பக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் தூர்த்து உண்டாக்கியதுதான் தியாகராய நகர். தீபாவளிக்குத் துணி எடுக்கக் கூட்டத்தில் நசுங்குகிறீர்களே, ஏரிக்குள் நிற்கிறீர்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் வந்தது. நீரின் பெருமையைப் பாடிய வள்ளுவருக்கு ஏரியை மூடிக் கோட்டம்! மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்தால், 'நகரம் மிதக்கிறது' என்று செய்தி போடுகிறோம்.

புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய், ஊரணி, ஏந்தல் என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. உங்கள் வீட்டிலிருந்து பக்கத்தில் இருக்கிற குளத்தின் பெயரை உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். பெயர் தெரியாத குளத்தில் லாரி லாரியாக மண் கொட்டினால் யாருக்குத் துக்கம் வரும்?

சித்தன்னவாசலுக்கே அதுதான் நடந்தது. 1916-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் வரலாற்றை எழுதிய எஸ்.ராதாகிருஷ்ண ஐயர் இந்தக் கோயிலைப் பற்றிக் குறிப்பிட்டார். 1920 வாக்கில் கோபிநாத ராவும், பாண்டிச்சேரியில் வேலை பார்த்த ழூவோ துப்ராயும் வந்து ஓவியங்களை உலகத்துக்குச் சொன்னார்கள். ஆயிரம் வருஷம் தாக்குப்பிடித்த குளம், வெளியே தெரிந்த பிறகு வந்தவர்கள் கை வைத்தும் சுரண்டியுமே பெருமளவு பாழாகியிருக்கிறது. வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. 'இவ்ளோதானா' என்று நினைத்தவர்கள். அவ்வளவுதான் என்று நினைத்த பொருள் மேல் கை வைக்க யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. மதுரையில் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் 'பசுமை நடை' என்று ஒன்று தொடங்கினார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரைச் சுற்றி இருக்கிற மலைகளில் ஏதாவது ஒன்றுக்கு நடந்து போவார்கள். குழந்தை குட்டியோடு பாறையில் உட்கார்ந்து, அந்த மலையின் கதையைக் கேட்டுவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். சமணப் படுக்கையும் பிராமி எழுத்தும் இருக்கிற மலைகள் மதுரையைச் சுற்றி ஏராளம். மீனாட்சி கோயிலைத் தவிர மதுரையில் என்ன இருக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், தங்கள் ஊரைத் தாங்களே சுற்றிப் பார்த்தார்கள்.

அப்படி ஒரு மலை ஊர்தான் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி. ஊர்க்காரர்களும் பறவை பார்க்கிறவர்களும் அங்கே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். சுமார் 250 வகைப் பறவைகள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு. எத்தனை சுனை, எத்தனை ஏரி என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

2024 நவம்பரில் டேப்பு வந்தது. அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் தோண்ட ஏலம் விட்டாகிவிட்டது என்று மத்திய அரசு அறிவித்தது. ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானம். டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானவர்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் 23-ம் தேதி ஏலம் ரத்து. எல்லா ஊருக்கும் இப்படி ஜெயம் கிடைப்பதில்லை, தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தில் 'இங்க என்ன சார் இருக்கு?' என்று யாராவது கேட்டிருந்தால் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பட்டியல் சொல்லியிருப்பார்கள். கழுகு கூடு கட்டுகிற பாறை எது என்று விரலை நீட்டிக் காட்டியிருப்பார்கள்.

உங்கள் தெருவுக்கு டேப்பு வந்தால் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?

கோபம் போதும். சித்தன்னவாசலுக்கு வழி சொல்கிறேன். புதுக்கோட்டையில் அன்னவாசல், இலுப்பூர் பக்கம் போகிற பஸ். காலையில் போங்கள், பாறை சூடாவதற்குள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏழடிப்பட்டம் ஏறிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சுற்றிலும் பாருங்கள். அடிவாரத்தைச் சுற்றிக் கல்வட்டங்கள், இரும்புக்கால மனுஷன் செத்தவனுக்கு அடுக்கிய கற்கள். பிறகு அறிவர் கோயில். போனைப் பைக்குள் வையுங்கள். உள்ளறையின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சத்தம் கொடுத்தால் பாறை அதைத் திருப்பிச் சொல்லும். பெரியவர் செய்து காட்டுவார். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஊஞ்சலுக்கு அவசரப்படுத்தாதீர்கள். எருமையை அவர்களே கண்டுபிடிக்கட்டும். உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கழுத்து வலிக்கும். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்த வருஷமாக இருந்தால், ரோட்டோரக் கண்மாயில் எருமைகள் கிடக்கும்.